சட்டைப் பையில் ஒரு பித்தளை ஆணி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர்காவற்றுறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அம்புறோசிடம் மோட்டரைக் கொடுத்தால் மோட்டர் சரியாகிவிடும், கொடுத்தவர் சரியாக இரண்டு நாள் செல்லும். முப்பது வருடமாகத் தண்ணீர் மோட்டர், மாவரைக்கும் மெசின், வள்ளத்து எஞ்சின் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டுகிறேன். பழுதாக்கிக்கொண்டு வருகிறவருக்கு நாலு வார்த்தை ஏசாவிட்டால் வேலை முடிந்த மாதிரியே எனக்கு இராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அனலைதீவில் கோபிகாவுக்கும் அப்படித்தான் ஏசினேன். வழக்கத்தை விடக் கொஞ்சம் கூட என்றுகூடச் சொல்லலாம்.

கோபிகாவின் குடும்பத்தில் யாரும் சட்டி பானை செய்தவர்கள் இல்லை, தோட்டக்காரர்கள். நாலு வருடத்துக்கு முன் ஏதோ ஒரு மகளிர் திட்டத்தில் பயிற்சி எடுத்து, கரண்டில் சுற்றும் சக்கரம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தவள். தீவில் அதற்கேற்ற களிமண்ணும் கிடையாது. பை பையாகக் கட்டி வள்ளத்தில் ஏற்றி வரவேண்டும். அப்படியிருந்தும் அவள் செய்கிற சாம்பிராணிச் சட்டியையும் சிட்டி விளக்கையும் நயினாதீவில் இருந்தெல்லாம் ஆள் விட்டு வாங்குகிறார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அறுநூறு சிட்டி கேட்டிருந்தார்கள். செய்து, காயவைத்து, சுட வேண்டும். மழை நாளில் காய்வதும் இலேசில்லை. சக்கரமோ நாலு நாளாகப் பேய் பிடித்த மாதிரி நடந்தது. காலால் அமத்துகிற பெடலைத் தொடாமலே ஓடும், அமத்தினால் நிற்கும்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே மோட்டரின் நெற்றியில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பெடலுக்குள் மூன்று கோடு விபூதி. மோட்டரின் கம்பிச் சுற்றுக்குள் மஞ்சள் தண்ணீர் வடிந்து காய்ந்த கறை. ஆயுத பூசைக்கு மண்வெட்டிக்கும் தையல் மெசினுக்கும் செய்த மாதிரியே சக்கரத்துக்கும் செய்திருக்கிறாள். மழை தொடங்கியதும் காய்ந்து கிடந்தது எல்லாம் திரும்பவும் ஈரம் பிடித்துக்கொண்டது.

"ஏன் மூடியைத் திறந்து உள்ளுக்குப் பூசினனீர்?"

"வெளியிலை பூசினால் மண் தண்ணியிலை கழுவுப்பட்டுப் போகுது அண்ணை. உள்ளுக்கெண்டால் வருசம் முழுக்க நிக்கும் எண்டு நினைச்சனான்."

அதற்குப் பிறகு நான் வாய் மூடவில்லை. கத்தோலிக்கரான எங்கள் ஆட்கள் மட்டும் வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளிப்பதில்லையா என்றால், தெளிக்கிறோம்தான். சுவாமியார் எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளுக்குத் தெளிப்பதில்லை. இதையும் அவளிடம் சொன்னேன். பெடலைக் கழுவித் துடைத்துக்கொண்டு சொன்னேன், மோட்டரைச் சுடுகாற்றில் காயவைத்துக்கொண்டு சொன்னேன். நடுவில் அவளுடைய போன் அடித்தது. மண் கையோடு எடுத்துக் கதைத்தாள். அதற்கும் ஏசினேன். ஈரக் கையோடு போனையும் மெசினையும் மாறி மாறித் தொட்டால் இரண்டும் போய்விடும், வேலை செய்யும்போது போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும் என்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்றாள்.

கரண்ட் அடித்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிச் அந்த வீட்டில் வேலை செய்யாமல் கிடந்தது. மாரியில் அடிக்கடி விழுகிறது என்று எவனோ ஒருவன் அதை விட்டுச் சுற்றி வயரைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த எவனோவுக்கும் ஏசினேன். அடுத்த முறை வரும்போது புதியதொன்று கொண்டுவந்து பூட்டுவதாகச் சொன்னேன். மோட்டருக்குள் ஈரம் முழுக்கப் போக இரண்டு நாள் செல்லும், அதுவரை எர்த் வயர்தான் காவல் என்றும் சொன்னேன். எல்லாம் என் வாயால்தான் சொன்னேன். பூட்டி, ஓடவிட்டுக் காட்டிவிட்டுப் பத்தரை வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கு வந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி றஞ்சனி உடுப்புத் தோய்க்கிற மெசினுக்குள் என் சட்டையைப் போடப் போனவள் திரும்பிக் குசினிக்கு வந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"இது உங்கடை சட்டைப் பைக்குள்ளை கிடந்தது. மெசினுக்குள்ளை போட்டிருந்தால் என்ரை மெசின் போயிருக்கும்."

ஒரு ஸ்குரூ ஆணி. கூடவே பல்லு வைத்த சின்ன வாசர் ஒன்று. தகரப் பேணிக்குள் போடச் சொல்லிவிட்டுச் சோற்றைக் குழைத்தேன். ஒரு வாய் வைத்தேன். அந்த ஆணி பித்தளை நிறத்தில் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோபிகாவின் மெசினில் பித்தளை ஆணி ஒன்றே ஒன்றுதான். பச்சை வயரை, அதுதான் எர்த் வயரை, மெசினின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற ஆணி. மோட்டரில் எவ்வளவு கரண்ட் ஒழுகுகிறது என்று மீற்றரில் பார்ப்பதற்காக அதைக் கழற்றினேன். மற்ற ஆணிகளை வரிசையாகச் சிரட்டைக்குள் போட்டேன். எர்த் ஆணியை மட்டும் எப்போதும் சட்டைப் பைக்குள் வைப்பேன். மறந்துவிடக் கூடாதே என்று நானே எனக்குப் பழக்கிய பழக்கம் அது. மீற்றரைப் பார்த்தேன், ஒழுகுகிறது என்று கண்டேன், பிறகு சந்தனத்தைப் பற்றி இன்னும் ஏதோ ஏசிக்கொண்டே மூடியைப் பூட்டிவிட்டேன்.

சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினேன்.

கையைக் கழுவாமலே போனை எடுத்தேன். அடித்தது, அடித்து நின்றது. திரும்ப எடுத்தேன். ஆறு தரம் எடுத்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது, போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னவன் நான்தானே என்று. வேறு யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டாள். நான் போட்ட சத்தத்துக்குக் கட்டாயம் பூட்டியிருப்பாள்.

அவளுடைய கணவன் சசிகரன் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். வெள்ளிக்கிழமைகளில்தான் தீவுக்கு வருவான். அவனுக்கு எடுத்தேன். பின்னால் பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது, மெசினில் ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கிறது, நான் வந்து பார்க்கும்வரை மெசினைப் போடவேண்டாம் என்று கோபிகாவிடம் சொல்லும் என்றுதான். குரலைக்கூடச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். அவனும் சாதாரணமாகவே, பள்ளிக்கூடம் விட்டதும் எடுத்துச் சொல்கிறேன் அண்ணை என்று வைத்துவிட்டான். பள்ளிக்கூடம் விட இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தது.

போனைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றேன். அந்த வெட்கம் கெட்ட வேலையை நான் செய்ததை நானே பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

மண்கும்பானில் ஒரு தோட்டக்காரர் ஈரக் காலோடு தண்ணீர் மோட்டரைத் தொட்டுச் செத்துப்போனார். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பிறகு அந்த மோட்டரைக் கழற்றிப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பச்சை வயர் பூட்டாமல் தொங்கிக்கொண்டு நின்றது. கடைசியாக இதைத் திருத்தினவன் மனிதனா மாடா என்று செத்த வீட்டு வாசலிலேயே நின்று கேட்டேன். அந்தக் கேள்வியை ஒரு மாதத்துக்கு ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

வெளியில் வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் போகிற அடுத்த வள்ளம் மூன்றரைக்குத்தான், காற்றைப் பார்த்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆணியையும் வாசரையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கடற்கரைக்குப் போனேன். கடலுக்குப் போகாத நாள் என்பதால் மீன்வாடிக்குள் குருசுமுத்து மட்டும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தான். றஞ்சனியின் தம்பி, எனக்கு மச்சான். உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அவன் என்னோடு கதைப்பதில்லை. எஞ்சினுக்கு எண்ணெய் கலக்கத் தெரியாதவனுக்கு எஞ்சின் எதற்கு, துடுப்புப் போதும் என்று அவனோடு தொழில் செய்கிறவர்களுக்கு முன்னால் வைத்துச் சொல்லியிருந்தேன்.

அவன் நிமிரவில்லை. நான் நின்ற இடத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். சசிகரனிடம் சொன்ன மாதிரிச் சொல்லவில்லை, ஆணியைக் கையில் வைத்துக் காட்டிச் சொன்னேன். அவன் ஆணியைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். வலையைச் சுருட்டி வைத்துவிட்டு எழும்பி எஞ்சினைத் தோளில் தூக்கினான்.

வள்ளத்தைத் தள்ளுகிற நேரத்தில் சசிகரனுக்குத் திரும்பவும் எடுத்தேன்.

"தம்பி, நான் முதல் சொன்னது முழுக்க உண்மையில்லை. எர்த் வயரைப் பூட்டாமல் வந்திட்டன். அவ ஈரக் கையோடை தொட்டால் கரண்ட் அடிக்கும். என்ரை பிழை."

கொஞ்ச நேரம் வாய்ப்பாடுதான் கேட்டது. பிறகு அது நின்றது. அவன் என்னை ஏசவில்லை, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு எடுத்துப் பார்க்கிறேன் என்றான். அவன் குரல் எனக்கு அடையாளம் தெரியாத குரலாக இருந்தது.

கடற்கோட்டையைத் தாண்டியதும் அலை தொடங்கியது. பைபர் வள்ளம் ஏறி விழுந்தது, ஒவ்வொரு விழுகைக்கும் முகத்தில் உப்புத் தண்ணீர் அடித்தது. நான் ஆணியையும் வாசரையும் கைக்குள் பொத்திக்கொண்டு இருந்தேன். கண்ணை மூடினால் கோபிகாவின் கால்தான் தெரிந்தது. காலையில் அவள் வெறுங்காலோடு, மண் தண்ணீர் சிந்திய நிலத்தில் நின்றாள். சக்கரத்துக்கு முன்னால் அப்படியே உட்காருவாள். ஒரு கை தண்ணீர்ச் சட்டிக்குள், ஒரு கை சக்கரத் தட்டில். இதைவிடக் கரண்டுக்கு வேறென்ன வேண்டும்?

அந்தோனியாரே, இன்றைக்கு ஒருநாள் அனலைதீவில் கரண்டை நிப்பாட்டும் என்று மன்றாடினேன். வேலை நடுவில் கரண்ட் போனால் கரண்ட் கந்தோர்க்காரரை மூத்த தலைமுறையிலிருந்து ஏசத் தொடங்குகிறவன் நான். அன்றைக்கு மெழுகுதிரி நேர்ந்தேன்.

வலப்பக்கம் எழுவைதீவு தெரிகிற இடத்தில் எஞ்சின் இருமியது. இரண்டு தரம் இருமி, அணைகிற மாதிரி இறங்கித் திரும்ப எடுத்தது. எண்ணெய் கூடிப்போன இருமல் அது. எனக்குச் சத்தத்திலேயே தெரியும். குருசுமுத்து என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை, எஞ்சின் ஓடவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனாகவே சொன்னான்.

"அது ஓடும். பயப்பிடாதை."

ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் என்னோடு கதைத்தது அதுதான்.

சசிகரனின் செய்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் யாழ்ப்பாணம் போய்விட்டார்கள், அடுத்த வீட்டில் போன் எடுக்கவில்லை, கோபிகாவும் எடுக்கவில்லை. வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் எழுதினேன்.

அனலைதீவு இறங்குதுறையில் தேநீர்க் கடைக்கு வெளியே ஒரு சைக்கிள் நின்றது. யாருடையது என்று கேட்கவில்லை. பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் உழக்கினேன். ஒழுங்கை முழுக்க மழைத் தண்ணீர். வழியில் ஒரு கடையில் வானொலி பாடியது. கரண்ட் இருக்கிறது. அந்தோனியார் என்னைக் கைவிட்டுவிட்டார்.

படலையடியில் சைக்கிளைப் போட்டேன். வீட்டின் பக்கத்துக் கொட்டிலுக்குள் இருந்து சக்கரத்தின் சத்தம் வந்தது. ஒரே சீராக, ங் என்று. நான் காலையில் திருத்திக் கொடுத்த சத்தம்.

ஓடுகிறது என்றால் அவள் இருக்கிறாள் என்று வேறு யாராவது நினைத்திருக்கலாம். எனக்குத் தெரியும், ஆள் முன்னால் விழுந்து கிடந்தாலும் சக்கரம் தன் பாட்டில் சுற்றும். கூப்பிடவும் பயமாக இருந்தது. கூப்பிட்டு, அவள் திடுக்கிட்டு எங்கேயாவது பிடித்துவிட்டால்? மெயின் சுவிச் முன்சுவரில் இருக்கும், காலையில் பார்த்திருந்தேன். ஓடிப்போய் அதைக் கீழே இழுத்தேன்.

சத்தம் இறங்கி நின்றது. வேறு ஒரு சத்தமும் இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சனியன், கரண்ட் போயிட்டுது" என்று உள்ளே இருந்து கோபிகாவின் குரல் கேட்டது.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்துநாலு வயது மனிதன், அந்த ஈரப் படியில் இருந்து விம்மினேன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

அவள் கையில் மண்ணோடு வெளியே வந்து என்னைக் கண்டு திகைத்துப்போனாள். அண்ணை, என்ன நடந்தது, ஆருக்கும் ஏதுமோ என்று கேட்டாள். நான் கையை விரித்து ஆணியைக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. அவளுடைய காலைத்தான் பார்த்தேன். காலில் ரப்பர் செருப்புப் போட்டிருந்தாள்.

உள்ளே பலகையில் எழுபது எண்பது சிட்டி வரிசையாக இருந்தது. எப்போதும் செருப்புப் போட்டுக்கொண்டா வேலை செய்கிறீர் என்று கேட்டேன். இல்லையாம். தொடங்கினபோது சக்கரத் தட்டைத் தொட்டால் விரல் விறுவிறுத்ததாம். மழை ஈரம் என்று நினைத்தாளாம். பிறகு முழங்கைவரை இழுத்ததாம். செருப்பைப் போட்டுப் பார்த்ததும் குறைந்ததாம். ஒன்றரை மணித்தியாலமாக அப்படியே இருந்து செய்திருக்கிறாள். அந்தச் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். குதிப் பக்கம் தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு இருந்தது.

காலையில் மூடியைப் பூட்டும்போது பச்சை வயரைப் பூட்டாமல் விட்டுவிட்டேன், அதுதான் கரண்ட் அடித்திருக்கிறது, என்னுடைய பிழை என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவள் ஏசட்டும் என்று நின்றேன். அவள் ஏசவில்லை. கையில் இருந்த மண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் காலமையே கண்டனான் அண்ணை."

"எதை?"

"பச்சை வயர் சும்மா தொங்கினதை. நீங்கள் மூடேக்கை பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "சொல்லுவம் எண்டுதான் வாயெடுத்தனான். நீங்கள் ஏசுவீங்கள் எண்டு பேசாமல் இருந்திட்டன்."

அலுமாரிக்குள் பூட்டியிருந்த போன் வீட்டுக்குள் அடித்தது. அது சசிகரனாகத்தான் இருக்கும். போய் எடும், எடுத்து நான் நல்லா இருக்கிறன் என்று முதலில் சொல்லும் என்றேன். அவள் கை கழுவிக்கொண்டு ஓடினாள். உள்ளே அவள் முதலில் சிரித்துக் கதைத்ததும், பிறகு சத்தம் குறைந்ததும், பிறகு அழத் தொடங்கியதும் எனக்குக் கேட்டது. அவன் அங்கே என்ன சொன்னானோ தெரியாது. நான் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மெசினுக்கு முன்னால் குந்தியிருந்தேன். முப்பது வருடத்தில் எத்தனை பேர் இப்படி வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டு நின்றிருப்பார்கள்? மண்கும்பான் தோட்டக்காரருக்கு முன்னாலும் எவனோ ஒருவன் என்னைப் போல ஏசிக்கொண்டே மூடியைப் பூட்டியிருக்கலாம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"இதிலை இரும். நான் பூட்டுறன், நீர் பாத்துக்கொண்டு இரும். பிழையாய் ஏதும் கண்டால் உடனை சொல்லும்."

"நானோ?"

"ஓம், நீர்தான்."

முக்காலியின் நுனியில் பட்டும் படாமலும் இருந்தாள். மூடியைக் கழற்றினேன். பச்சை வயர் அப்படியே தொங்கியது. அதன் முனையைச் சுரண்டித் துலக்கி, சட்டத்தில் வைத்து, ஆணியை விட்டு முறுக்கினேன். ஸ்குரூ ட்ரைவர் இரண்டு தரம் வழுக்கியது. வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மூடியை வைத்து நாலு மூலையிலும் ஆணியைப் போட்டு இறுக்கினேன். பிளக்கை எடுக்கக் கையை நீட்டினேன்.

"அண்ணை..." என்றாள். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நான் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அந்தப் பல்லு வைச்ச வாசர் உங்கடை முழங்காலடியிலை கிடக்குது."

குனிந்து பார்த்தேன். கிடந்தது. அது இல்லாவிட்டால் சக்கரம் ஆடுகிற ஆட்டத்துக்கு ஆணி ஒரு மாதத்தில் இளகிவிடும். பூட்டும்போதே சொல்லுறதுக்கென்ன என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, இப்போதுதான் இறுக்கிய நாலு ஆணிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினேன். கோபிகா முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, என் தோளுக்கு மேலால் குனிந்து பார்த்தாள்.